காபி பழக எந்த வழி நல்லது?

காபி பிடிக்காத ஒருவர் அதைப் பழகிக்கொள்ள ஆசைப்பட்டால், யாரைக் கேட்டாலும் ஒரே யோசனைதான் வரும்: பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்டு ஆரம்பி, போகப் போகக் குறைத்துக்கொள். நேரெதிராக, "முதல் நாளே பால் இல்லாமல் குடி, நாக்கு தானாகப் பழகிவிடும்" என்று சொல்பவர்களும் உண்டு. இந்த இரண்டைத் தவிர வேறு சில வழிகளும் இருக்கின்றன. பால் இல்லாமலேயே, ஆனால் மென்மையாக வடித்துக் குடிக்கலாம். குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் குடிக்கலாம். காஃபின் நீக்கிய காபியில் தொடங்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காபியின் சுவையையே ரசிக்க விரும்புகிறவருக்கு, நடுத்தரமாக வறுத்த அராபிகா இனக் கொட்டையின் தூளைக் காகித வடிகட்டியில் வடித்து, கொஞ்சம் வெந்நீர் விட்டு நீர்க்க வைத்து, சூடு தணிந்தபின் குடிப்பதுதான் குறுக்கு வழி. ஆனால் எல்லோருக்கும் அதுவே தேவை என்று இல்லை. காலையில் சூடாக, இனிப்பாக ஒரு கோப்பை போதும் என்பவருக்குப் பால் காபியே போதும். அதில் குறை ஒன்றும் இல்லை.

எது பிடிக்கவில்லை?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைக் கண்டுபிடிப்பது முக்கியம். "காபி கசக்கிறது" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காதது கசப்பு அல்ல, புளிப்பு. புதிதாகக் குடிப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது ரொம்பவே சகஜம். ஒரு வாய் குடித்துவிட்டுக் கவனியுங்கள். உடனே வாயில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. விழுங்கிய பிறகும் தொண்டைப் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் கசப்பு. நாக்கு வறண்டு, சொரசொரப்பாக ஆனால் துவர்ப்பு. இந்த மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. புளிப்பு பிடிக்காதவர் இன்னும் இளவறுப்பான கொட்டையை வாங்கினால் நிலைமை மோசமாகும். கசப்பு பிடிக்காதவர் "நல்ல ஸ்ட்ராங்காக இருக்கட்டும்" என்று கருக வறுத்ததை வாங்கினாலும் அப்படித்தான்.

கசப்புக்குக் காஃபின்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பங்கு சிறியது. பெரும்பகுதி வறுக்கும்போது உண்டாவது. பச்சைக் கொட்டையில் குளோரோஜெனிக் அமிலங்கள் என்று ஒரு வகை உண்டு. நடுத்தர வறுப்பில் அவை லாக்டோன்களாக மாறி மிதமான, அவ்வளவாக உறுத்தாத கசப்பைத் தருகின்றன. இன்னும் வறுத்துக்கொண்டே போனால் அந்த லாக்டோன்கள் உடைந்து ஃபீனைல் இன்டேன் என்ற பொருட்கள் உருவாகின்றன. நாக்கில் நெடுநேரம் நிற்கும் கடுங்கசப்பு இவற்றால் வருவது. ஆகவே கசப்பு பிடிக்காதவர் காபியையே கைவிட வேண்டியதில்லை, கருவறுப்பைக் கைவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இனத்தையும் பார்க்க வேண்டும். ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின் இருக்கிறது; குளோரோஜெனிக் அமிலங்களும் அதிகம், இயல்பான சர்க்கரை குறைவு. பால் காபியில் அந்த முரட்டுத்தனம் நன்றாகவே எடுபடும். வெறும் காபியாகக் குடிக்கப் பழகுபவருக்கு அது நல்ல தொடக்கம் அல்ல. பொட்டலத்தில் இனம் எழுதியிருக்கிறதா, சிக்கரி கலந்திருக்கிறதா என்று ஒரு தடவை படித்துவிடுங்கள். சிக்கரி ஒரு செடியின் வறுத்த வேர். அது கலந்த தூளில் பழகினால் நாக்கு காபியோடு சேர்த்து அதையும்தான் பழகும்.

பாலும் சர்க்கரையும்

இந்த வழி எளிதாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாலிலுள்ள கேசின் என்ற புரதம் துவர்ப்பும் கசப்பும் தரும் பொருட்களைப் பற்றிக்கொள்கிறது. கொழுப்பு, கசப்பு நாக்கில் உறைப்பதைக் குறைக்கிறது. சர்க்கரை கசப்பை நேரடியாக அமுக்குகிறது. மூன்றும் சேர்ந்தால் காபியின் எந்தக் கூர்முனையும் நாக்கில் படாது.

சிக்கல் எங்கே என்றால், காபியும் படாது. லாட்டே என்ற பால் காபியின் பெரிய கோப்பையில், 30 மில்லி எஸ்பிரெசோவுக்கு (இயந்திர அழுத்தத்தில் இறக்கிய காட்டமான காபி) 200 மில்லிக்கும் மேல் பால் இருக்கும். அதை ஒரு வருடம் குடித்தாலும் நாக்கு பழகுவது இனிப்புப் பாலுக்குத்தான். பிறகு ஒரு நாள் பால் இல்லாத கோப்பையை வாயில் வைத்தால் முதல் நாள் போலவே முகம் சுளிக்கும். இந்த வழியில் வருபவர்கள் பாதியில் நின்றுவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். குறைப்பதற்கு ஒரு திட்டம் இல்லாமல், "போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

பால் வழியாகவே போவது என்று முடிவு செய்தால், முதலில் சர்க்கரையைக் குறையுங்கள், பாலைத் தொடாதீர்கள். பாலில் ஏற்கெனவே 100 மில்லிக்கு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவாக லாக்டோஸ் இருக்கிறது. 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்கிய பாலில் அந்த இனிப்பு நன்றாகத் தெரியும். கொதிக்கவிட்டால் காய்ச்சிய பாலின் வாடைதான் முன்னால் நிற்கும். சர்க்கரை முழுவதும் போனபிறகு பாலில் கைவையுங்கள். லாட்டேயிலிருந்து 150 மில்லி அளவுள்ள கப்புச்சினோ, அங்கிருந்து காபியும் பாலும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கும் கோர்டாடோ என்று இறங்கலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் குறைத்தால் எதனால் பிடிக்காமல் போனது என்றே தெரியாது.

கோர்டாடோ வரை வந்து அங்கேயே நிலைத்துவிட்டால்? தாராளமாக இருக்கட்டும். அந்த விகிதத்தில் காபியின் சுவை நன்றாகவே தெரியும்.

எடுத்த எடுப்பில் எஸ்பிரெசோ

இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். காகிதத்தில் வடித்த காபியில் கரைந்திருக்கும் பொருள் சுமார் 1.2 முதல் 1.4 சதவீதம். எஸ்பிரெசோவில் அது 8 முதல் 12 சதவீதம். ஒன்பது பார் அழுத்தத்தில், அரை நிமிடத்துக்குள் பிழிந்து இறக்கிய சாறு அது. நன்றாகப் போட்டது என்றாலும் பழகாத நாக்குக்கு அதிலுள்ள நுணுக்கம் எதுவும் பிடிபடாது; வேகம் மட்டும்தான் தெரியும். அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தில் காபி இறக்கும் 'மோக்கா பாட்' என்ற பாத்திரத்துக்கும் கிட்டத்தட்ட இதே தீர்ப்புதான். 1933-இல் இத்தாலியில் வந்த அந்தச் சின்ன அலுமினியப் பாத்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் தீ கொஞ்சம் கூடினாலும் கருகல் வாடை வந்துவிடும். பால் வழியில் போகிறவருக்கு அது அருமையான துணை, மற்றவர்கள் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

காகித வடிகட்டி

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி, கோப்பையில் மண்டி சேர்வதும் காபி கசப்பதும் பொறுக்காமல், அடியில் துளையிட்ட பாத்திரத்தில் மை ஒற்றும் தாளை வைத்து வடித்துப் பார்த்தார். 1908-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கசப்பைக் குறைக்கவென்றே பிறந்த முறை இது. தாள், நுண்ணிய தூளையும் எண்ணெயையும் தடுத்துவிடுவதால் காபி தெளிவாக, இலேசாக இறங்கும். ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டக்கூடிய காஃபெஸ்டால் என்ற பொருளும் பெருமளவு தாளிலேயே தங்கிவிடுகிறது.

செய்முறை எளிது. 15 கிராம் தூள், 250 மில்லி தண்ணீர். கொதித்த நீரை அரை நிமிடம் ஆறவிட்டால் 90-க்கும் 96-க்கும் இடையிலான சூட்டுக்கு வந்துவிடும். முதலில் 30, 40 மில்லி மட்டும் ஊற்றித் தூளை நனைத்துவிட்டுப் பொறுத்திருங்கள். புதிதாக வறுத்த கொட்டை என்றால், உள்ளே அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறித் தூள் உப்பிக்கொண்டு வரும். சின்னச் சின்னக் குமிழிகள் வெடிக்கும். அந்த நேரத்தில் குனிந்து முகர்ந்து பாருங்கள். காபி குடிக்காதவர்களில்கூட அந்த வாசனை பிடிக்காது என்று சொல்பவர்கள் குறைவு. அரை நிமிடம் கழித்து மீதி நீரை இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். ரொம்ப நேரம் சொட்டிக்கொண்டே இருந்தால் தூள் மிகவும் பொடியாக அரைபட்டிருக்கிறது; கசக்கும். சட்டென்று இறங்கிவிட்டால் தூள் பெரிதாக இருக்கிறது, புளிக்கும்.

காபி இன்னும் காட்டமாக இருக்கிறது என்று தோன்றினால், பழகுபவர்கள் எல்லோரும் செய்வது அடுத்த தடவை தூளைக் குறைப்பது. அது தப்பு. தூளிலிருந்து எடை அளவில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து இறங்கினால் சுவை சமநிலையில் இருக்கும் என்பது 1950-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் செய்த ஆய்விலிருந்து இன்றுவரை தொழிலில் இருப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. கொஞ்சம் தூளில் நிறைய தண்ணீர் ஓடினால், நல்லதெல்லாம் இறங்கிய பிறகு மிச்சமிருக்கும் கசப்பும் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். கிடைப்பது நீர்த்த காபி, ஆனாலும் கசக்கும் காபி. அதற்குப் பதிலாக முழு அளவு தூளைப் போட்டுச் சரியாக வடித்து, வடித்து முடித்தபின் கோப்பையில் 50 முதல் 100 மில்லி வெந்நீர் சேருங்கள். பாட்டின் ஸ்வரத்தை மாற்றாமல் ஒலியை மட்டும் குறைத்துக் கேட்பதைப் போன்றது இது. நாட்கள் செல்லச் செல்ல இந்த வெந்நீரின் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பால் வழியில் போகிறவர் சர்க்கரையைக் குறைப்பது போல இங்கே நீங்கள் குறைப்பது தண்ணீரை. காபியின் சுவை முதல் நாளிலிருந்தே வாயில் இருக்கும்.

அடுத்தது சூடு. கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் நாக்குக்குச் சூடு மட்டும்தான் தெரியும். ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு, ஊற்றிய சில நிமிடங்களில் ஒரு வாய், பாதி ஆறியபின் ஒரு வாய், வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு வாய் என்று குடித்துப் பாருங்கள். முதல் வாயில் கசப்பும் புகைவாசமும் முன்னால் நிற்கும். இரண்டாவதில் இனிப்பு எட்டிப்பார்க்கும். மூன்றாவதில் பழத்தின் புளிப்பு தெளிவாகத் தெரியும். நல்ல காபி ஆற ஆற நன்றாக இருக்கும். மட்டமான காபியின் குறை ஆறும்போதுதான் வெளியே வரும். ஆறவிட்டுக் குடிப்பது உடம்புக்கும் நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் எச்சரித்தது 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைத்தான். காபி புற்றுநோயை உண்டாக்குகிறது என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது.

இதற்குச் சற்று வேறான மாற்று பிரெஞ்ச் பிரெஸ், அதாவது மேலிருந்து அழுத்தும் சல்லடை கொண்ட ஜாடி. பெரிதாக அரைத்த தூளில் வெந்நீரை ஊற்றி நான்கு நிமிடம் கழித்து அழுத்தினால் வேலை முடிந்தது. கைப்பழக்கம் எதுவும் வேண்டாம். எண்ணெயும் நுண்தூளும் கோப்பைக்குள்ளேயே வந்துவிடுவதால் காபி கனமாக, வாய் நிறைய இருக்கும். பாலிலிருந்து மாறுகிறவர்களுக்குத் தாளில் வடித்தது தண்ணீராகத் தோன்றினால் இதைப் பார்க்கலாம். ரத்தத்தில் கொழுப்பின் அளவு கூடுதலாக உள்ளவர்கள் தினமும் இதைக் குடிக்காமல், தாளிலேயே நிற்பது நல்லது.

குளிர்ந்த நீரில் ஊறவைத்தது

கோல்ட் ப்ரூவை நிறையப் பேர் ஆரம்பக்காரர்களுக்குச் சிபாரிசு செய்கிறார்கள். பெரிதாக அரைத்த தூளைச் சாதாரண நீரில் 12 முதல் 18 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டினால், புளிப்பும் கசப்பும் மட்டுப்பட்ட, சாக்லேட் சாயல் கொண்ட பானம் கிடைக்கும். புளிப்பு அறவே ஆகாதவருக்கு இதுதான் முதல் இடம். நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் கெட்டுப்போகாது என்பதும் வசதி.

ஆனால் இதில் ஓர் இழப்பு இருக்கிறது. காபியின் வாசனைப் பொருட்கள் பலவற்றை வெளியே கொண்டுவருவது சூடு. குளிரில் ஊறிய காபியில் பூவாசமும் பழவாசமும் மங்கிவிடும். எந்தக் கொட்டையைப் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே சுவை. பழகுவதற்குச் சரி, ரகம் பிரித்து ரசிக்க இது போதாது. இன்னொன்று, பெரும்பாலும் இதைக் காட்டமாகத் தயாரித்து நீர்க்க வைத்துத்தான் குடிப்பார்கள். நீர்க்க வைக்காமல் ஜில்லென்று பெரிய டம்ளர் நிறைய உள்ளே தள்ளினால் காஃபின் எக்கச்சக்கமாகப் போய்விடும்.

இன்ஸ்டன்ட் காபி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயணத்துக்கு உதவும், பாலில் நன்றாகவே இருக்கும். அதைக் குடித்துப் பார்த்துவிட்டுக் காபி எனக்கு ஆகாது என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள்.

காஃபின் நீக்கியது யாருக்கு?

ஒரு கோப்பைக்கே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்பவர்களுக்கும், மாலையில்தான் நேரம் கிடைக்கிறது என்பவர்களுக்கும் டிகாஃப் நல்ல தேர்வு. 1900-களின் தொடக்கத்தில் லுட்விக் ரோஸலியஸ் வணிக அளவில் கொண்டுவந்தபோது அதற்குப் பென்சீன் பயன்படுத்தினார்கள். இன்று தண்ணீராலோ அழுத்தப்பட்ட கரியமில வாயுவாலோ நீக்கிய வகைகள் கிடைக்கின்றன, சுவையும் எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனால் ஒன்று: காபியின் மேல் பிரியம் வருவதில் காஃபினுக்கும் பங்கு உண்டு. குடித்தபின் வரும் தெளிவோடு சேர்ந்துதான் அந்தச் சுவை நமக்குப் பிடித்துப்போகிறது. டிகாஃபில் அந்தத் துணை இல்லாததால், சுவை மட்டுமே உங்களைக் கவர வேண்டும். அதற்குக் கொட்டை இன்னும் நல்லதாக இருக்க வேண்டும்.

சாதாரண காபி குடிக்கிறவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது, கர்ப்பிணிகளுக்கு 200. வடித்த காபி ஒரு பெரிய கோப்பையில் 100 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். உடம்பில் அது பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே பழகும் காலத்தில் காலையில், ஏதாவது சாப்பிட்ட பிறகு, ஒரு சின்னக் கோப்பை போதும்.

சரி, எந்தக் கொட்டை?

இங்கே உங்கள் இப்போதைய ருசியை வைத்தே முடிவு செய்யலாம். கசப்புச் சாக்லேட், வறுத்த பருப்பு வகைகள் பிடிக்குமா? பிரேசில் கொட்டை, நடுத்தர வறுப்பு. புளிப்பு மிகக் குறைவு, வழுவழுப்பு அதிகம். ஆரம்பக்காரரை அது பயமுறுத்தாது. பிரேசிலைவிடக் கொஞ்சம் துடிப்பு வேண்டும் என்றால் கொலம்பியா. பால் இல்லாத தேநீர் குடித்துப் பழகியவர் என்றால் கதை வேறு. எத்தியோப்பியாவின் யிர்கச்செஃபே பகுதியில் விளைந்து, பழச்சதையை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய கொட்டையை இளவறுப்பில் வாங்கிப் பாருங்கள். மல்லிகையும் எலுமிச்சையும் கலந்த மணத்தோடு, தேநீரை ஒத்த இலேசான காபி அது. உங்களுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். கென்யக் கொட்டையின் கூர்மையான புளிப்பையும் சுமத்ராவின் மண்வாசத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வறுத்த தேதி போட்ட பொட்டலமாக, சின்னதாக வாங்குங்கள். வறுத்து ஒரு வாரம் ஆனதிலிருந்து ஒரு மாதம் வரை கொட்டை நல்ல நிலையில் இருக்கும். வீட்டில் அரைவை இயந்திரம் இல்லையென்றால் கடையிலேயே அரைத்துத் தரச் சொல்லுங்கள், எந்த முறையில் வடிக்கப் போகிறீர்கள் என்பதை மறக்காமல் சொல்லிவிட்டு. அரைத்த தூளின் மணம் வேகமாகப் போய்விடும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். என்றாவது ஒரு கோப்பை அதிகமாகக் கசந்துவிட்டால் கீழே கொட்ட வேண்டாம். ஒரு சிட்டிகைக்கும் குறைவாக உப்பு போட்டுக் கலக்குங்கள். உப்பு கசப்பை அமுக்கிவிடும்.

முதல் பொட்டலம் தீரும்போது, சேர்க்கும் வெந்நீர் பாதிக்கும் கீழே வந்திருந்தால் இரண்டாவது பொட்டலத்தில் கொஞ்சம் துணியலாம். அப்போது நான் சொல்வது எத்தியோப்பியாவிலிருந்தே வரும், பழத்தோடு சேர்த்து வெயிலில் உலர்த்திய கொட்டை. பொட்டலத்தைப் பிரித்ததுமே நாவல்பழம், ஸ்ட்ராபெரி போன்ற ஒரு வாசனை அடிக்கும். காபியிலிருந்து இப்படியும் ஒரு வாசனை வருமா என்று கேட்காதவர்களை நான் பார்த்ததில்லை. அது பிடித்துப்போனால் அதிலேயே போங்கள். விசித்திரமாக இருக்கிறது என்று தோன்றினால் மறுபடி பிரேசிலுக்கே வந்து, அதே கொட்டையைப் பிரெஞ்ச் பிரெஸ்ஸில் போட்டுப் பாருங்கள்.